செல்வி வீட்டு எலுமிச்சைப் புழு

ஐப்பசி, ஞாயிறு இரவு

மதியம் பக்கத்து வீட்டுச் செல்வி சுவருக்கு அந்தப்புறமிருந்து கூப்பிட்டாள். "அண்ணே, எலுமிச்சைய பூராம் புழு திங்குது. வெரசா வந்து பாருங்க." சாப்பிட்டுக்கொண்டிருந்த இவர் கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார். வாரமெல்லாம் போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டி இடுப்பு வலிக்கிறது என்று காலையில்தான் என்னைத் தைலம் தேய்க்கச் சொன்னார். அங்கே குத்தவைத்து, இலை இலையாகப் புரட்டி, புழுக்களைக் கையாலேயே பொறுக்கினார். தொட்டதும் புழு சிவப்புக் கொம்பை நீட்டியதாம். அதற்கு இருவருக்கும் அவ்வளவு சிரிப்பு.

அதே புழு போன மாதம் என் கறிவேப்பிலையை மொட்டையாக்கியபோது நானும் இவரிடம் சொன்னேன். "ஒனக்குத் தெரியாததா? வேப்பெண்ணெய அடிச்சு விடு" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். நானே அடித்தேன். செடி தழைத்துவிட்டது.

அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். அது எனக்குத் தெரியாமலில்லை.

சாயங்காலம் என் செடியின் துளிரில் மறுபடி ஒரு புழு. வேப்பெண்ணெய் பக்கத்திலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை. ராத்திரி சோறு போடும்போது, "கறிவேப்பிலையில திரும்பப் புழு வந்திருக்கு. என்ன செய்யன்னே தெரியல" என்று சொல்லிப் பார்த்தேன்.

"செல்விகிட்ட கேளு. எல்லாம் வெவரமா சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றார்.