நான் புகழ்ந்துவிட்ட நான்கு டயர்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடலளவில் நலம். மனத்தளவில் எப்படி என்பதை முழுவதும் படித்தபின் நீயே தீர்மானித்துக்கொள். உன் நலமும் மாப்பிள்ளையின் நலமும் அறிய ஆவல்.

என் பிறந்தநாளுக்கு நீ அங்கிருந்தே வாங்கி, இங்குள்ள கடையில் மாட்டச் செய்த டயர்களைப் பற்றியது இக்கடிதம். அவை சரியில்லை, மகளே. முதல் நாளே ஸ்டீயரிங் நடுங்கியது. முழுவதும் வளைத்தால் முன் டயர் மட்காட்டில் உரசுகிறது. நம் மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி உட்புறம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், டயர் புதுசுதான், மாட்டறதுக்கு முன்னாடி ஒரு அடி கூட ஓடல. ஆனா பொறந்து ஏழு வருஷம் ஆச்சு, குடோன்லயே கெழமாயிடுச்சு" என்றார். பிறர் சொல்வதை அப்படியே ஏற்பது என் வழக்கமில்லை என்பதால், செய்தித்தாளை விரித்து நானும் அடியில் படுத்துப் பார்த்தேன். தயாரித்த வாரமும் வருடமும் உட்பக்கத்தில்தான் அச்சாகியிருக்கின்றன. பக்கவாட்டில் நகக்கீறல் போன்ற வெடிப்புகளும் உள்ளன. எல்லாவற்றையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். என்னைவிட இரண்டே வயது இளைய காரை அந்த டயர்களில் ஓட்ட எனக்குத் துணிவில்லை. அம்மாவின் மடங்காத முழங்காலுக்கு நம் காரின் அகலக் கதவு ஒன்றுதான் தோதாக இருந்தது. வாடகைக் காரில் ஏற முடியாமல் அவள் நான்கு முறை உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போகவில்லை. கால் மறுபடி வீங்கத் தொடங்கியிருக்கிறது. எனக்குக் கவலை அதுதான்.

கடைக்கு நான்கு முறை நடந்தாயிற்று. ஒரு நாள் பொறுப்பாளர் சாப்பிடப் போயிருந்தார், மாலை ஐந்து மணி வரை சாப்பிட்டார். மறுமுறை ரசீது கேட்டார்கள். ரசீதோடு போனால், அது உன் பெயரில் இருக்கிறது, வாங்கியவர்தான் திருப்பித் தர வேண்டும் என்றார்கள். அதில் சட்டப்படி நியாயம் இருந்ததால் வீடு திரும்பினேன். நான்காம் முறை, திருப்பித் தருவதற்கான முப்பது நாள் கெடு இருபத்து நான்காம் தேதி முடிகிறது என்று நான் சொல்லத் தொடங்கியதும், பொறுப்பாளர் சிரித்தபடி தன் கைப்பேசியை நீட்டினார். "சார், இதப் படிங்க. 'புது டயர்ல வண்டி தண்ணில படகு மாதிரி போகுதுன்னு அப்பா சொல்றார்.' அஞ்சு நட்சத்திரம்! உங்க பொண்ணு போட்டது. இப்ப வந்து ஆடுதுங்கறீங்க, படகுன்னா ஆடத்தானே செய்யும்?" என்றார். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அந்தப் படகு வாக்கியம் நான் உனக்கு எழுதியதுதான். எழுதும் முன்பே ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியிருந்தது. அன்று தொலைபேசியில் உன் குரல் பல மாதங்களுக்குப் பின் தெளிவாக இருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. நீ அதைக் கடையின் இணையப் பக்கத்தில் ஏற்றுவாய் என்று நான் நினைக்கவேயில்லை. வக்கீலாக நீதிமன்றத்தில் எழுத்துமூலமான ஒப்புதலைக் காட்டி எத்தனையோ எதிர்த்தரப்புச் சாட்சிகளை வாயடைக்க வைத்தவன், என் எழுத்துக்கே பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அம்மா கேட்டுவிட்டு, "ஊர்ல இருக்கறவங்கள எல்லாம் குறுக்கு விசாரணை பண்ணுவீங்க, பொண்ணுகிட்ட மட்டும் பொய்ச் சாட்சி சொல்லுவீங்களாக்கும்" என்றாள்.

நீ செய்ய வேண்டியது இரண்டு. இத்துடன் உள்ள அதிகாரக் கடிதத்தில் உன் பெயருக்கு நேரே கையெழுத்திட்டு, படத்தை உடனே கைப்பேசியிலும் அசலைக் கூரியரிலும் அனுப்பு. அந்தப் பாராட்டை அழித்துவிடாதே. அழித்தால் எதையோ மறைக்கிறோம் என்பார்கள். அதன் கீழேயே, அப்பா சொன்னது உண்மையல்ல, மகள் வருந்துவாள் என்று அப்படிச் சொன்னார் என எழுது. ஊர் படிக்கட்டும். எனக்கு வெட்கம்தான், ஆனால் அம்மா வண்டியில் ஏறியாக வேண்டும்.

இதை எழுதும்போது இன்னொன்றும் தோன்றியது. "இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று வாராவாரம் நீ எழுதுகிறாயே, அது எந்த ரகம்? என்னைப் பார்த்துக் கற்றதாக இருந்தால், உன் திருத்தத்தையும் இந்தக் கூரியரிலேயே அனுப்பிவிடு. என்னவாக இருந்தாலும் வாசித்துத் தாங்கிக்கொள்வேன்.

நீங்கள் இருவரும் குறைவின்றி வாழ எங்கள் ஆசிகள். கெடு இருபத்து நான்கு; மறவாதே.

உண்மையை மட்டும் எழுதியுள்ள
உன் அப்பா