நம் கோல்கீப்பருக்கு உடல்நலம் சரியில்லையாம்

முந்தாநாள் காலையில் அச்சகத்திலிருந்து மலரின் புரூப் வந்தது. மை சரியாகக் காயவில்லை. கட்டைப் பிரித்ததும் அதன் வாடை கூடம் முழுக்கப் பரவிவிட்டது. நம் கிளப்பின் பத்தாண்டு நிறைவு மலர். மூன்றாம் பக்கத்தில் கிளப்பின் வரலாறு. அதில் நீ ஒரே ஒரு வரியில் வருகிறாய், அதுவும் பெயரில்லாமல்: 'அரையிறுதிப் போட்டியில் நமது வழக்கமான கோல்கீப்பர் உடல்நலக் குறைவால் கலந்துகொள்ள இயலவில்லை.'

உடல்நலக் குறைவு! மார்கழிப் பனியில் விடியுமுன்னே கட்டுமரத்தில் போய் வலை இழுத்துவிட்டு, மாலை நான்கு மணிக்குக் கோலில் வந்து நிற்பாய் நீ. அந்த நாட்களில் உனக்கு ஒரு தும்மல் வந்துகூட நான் பார்த்ததில்லை. அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. ஆபீசில் இரண்டு கடிதங்களைத் தப்பாக நகல் எடுத்தேன். வீட்டில் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். யாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வது? உனக்கே எழுதுகிறேன்.

வரலாறு என்று போட்டிருக்கிறார்களே, அதன் முதல் வரியும் பொய்தான். கிளப்பைத் தலைவர் தொடங்கினாராம். தொடங்கியது நீயும் நானும். மயிலாப்பூரில் எங்களுக்கு ஆட இடமில்லை என்று நாங்கள் ஆறு பேர் சாந்தோம் கடற்கரை மணலில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு அப்போது இருபது வயது, உனக்கும் அதேதான் இருக்கும். என் காலில் பட்ட பந்து அலையைத் தாண்டிப் போய் விழுந்தது. எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. வலை உலர்த்திக்கொண்டிருந்த நீ கடலில் பாய்ந்து பந்தை எடுத்தாய். கரையேறியதும் கொடுத்துவிடுவாய் என்று பார்த்தால், இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாய்.

"பந்து வோணும்னா என்னையும் சேத்துக்கோ."

"உனக்கு ஆடத் தெரியுமா?" என்றேன்.

"நீங்க ஆடறத இம்மா நாளா பாத்துக்கினுதான் கீறேன். உங்களுக்கே தெரியல அய்ரே."

அன்று நீ கோலில் நின்றாய். இருட்டும்வரை ஒரு பந்துகூட உன்னைத் தாண்டவில்லை. மறுவாரம் உன் குப்பத்திலிருந்து இன்னும் நான்கு பேர் வந்தார்கள். பதினொன்று ஆனதும் கிளப்புக்குப் பெயர் வைத்தோம். லஸ்ஸில் பெரிய பங்களா வைத்திருந்த வக்கீல் தலைவராக வந்தது மூன்று வருஷம் கழித்து. காலி மனையொன்றை மைதானமாகத் தந்தார், சட்டை தைத்துக் கொடுத்தார், எல்லோருக்கும் பூட்ஸ் வாங்கித் தந்தார். இல்லையென்று நான் சொல்லவில்லை. நீ மட்டும் பூட்ஸை இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, "காலு கண்ணு தெரியாம தடவுது" என்று கழற்றிக் கொடுத்துவிட்டாய்.

அப்புறம் அந்தப் புயல் வந்தது. குப்பத்துக் கரையில் கட்டி வைத்திருந்த மரங்களை அலை பிய்த்துக்கொண்டு போயிற்று. உன் கட்டுமரத்தில் ஒரு கட்டை இரண்டாகப் பிளந்திருந்தது, இன்னொன்றைக் காணவே காணோம். ஒரு மாதமாக நீ கடலுக்குப் போகவில்லை, வேறொருவர் மரத்தில் ஆள் குறைந்தால் போய் வந்தாய். நாங்கள் பத்து பேரும் சேர்ந்து மரக்கடையில் இரண்டு கட்டைகள் வாங்கினோம். வண்டி பிடிக்காமல் கச்சேரி ரோடு வழியாகத் தோளில் சுமந்துகொண்டே வந்தோம். கிளப் சட்டையோடு நாங்கள் ஆடி ஆடி வருவதைப் பார்த்து நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"இன்னா அய்ரே, யாரு செத்துட்டாங்க?"

சிரித்து முடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தேன்.

அந்த இரண்டு கட்டைகள்தான் பிறகு வினையாயிற்று. அந்த வருஷம்தான் நாம் முதல்முறையாகக் கோப்பைப் போட்டியில் கால் இறுதியை ஜெயித்தோம். தோற்றவர்கள் போட்டிக் கமிட்டிக்குப் புகார் எழுதினார்கள்: இவர்களுடைய கோல்கீப்பர் கூலிக்கு ஆடுகிறவன், கிளப் அவனுக்குக் கட்டுமரம் வாங்கிக் கொடுத்திருக்கிறது, காசு வாங்காதவர்கள் ஆடும் அமெச்சூர் போட்டியில் அவனைச் சேர்க்கக் கூடாது. தலைவர் என்னை வீட்டுக்கு அழைத்தார். நான்தானே செயலாளர். மேஜைமேல் தட்டச்சு செய்த கடிதம் தயாராக இருந்தது, உன் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"அவன் பேரை எடுத்துட்டா அவா புகாரை இதோட விட்டுடறோம்னு சொல்லிட்டா. ஒரு கையெழுத்துப் போடு," என்றார்.

"சார், அது கூலி இல்லை. புயல்ல மரம் போயிடுத்து. நாங்க சிநேகிதாளா சேர்ந்து வாங்கிக் கொடுத்தோம்."

"நீ சொல்றது நியாயம்தான். ஆனா கேக்கறவாளுக்கு எப்படிப் புரியவைப்பே? ஒத்தனுக்காகக் கிளப்போட பேர் கெட்டுடப்படாது, பாரு."

நீங்கள் வாங்கிக் கொடுத்த பூட்ஸ் மட்டும் கூலி இல்லையா என்று கேட்டிருக்க வேண்டும். கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. எனக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தவர் அவர். பேனாவை எடுத்தேன், போட்டுவிட்டேன்.

உன்னிடம் வந்து சொல்லும் தைரியமும் இல்லை. வேறு யாரோ சொல்லித்தான் உனக்குத் தெரிந்தது.

அரையிறுதிக்கு டிராமில் போனோம். உன் இடத்தில் சேஷு நின்றான், பள்ளிக்கூட வாத்தியார், நல்லவன், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். எதிரே பட்டாளத்து டீம். முதல் பத்து நிமிஷத்தில் ஒரு கோல். அப்போதுதான் கோலுக்குப் பின்னாலிருந்து உன் குரல் கேட்டது.

"சேஷு, முன்னாடி வா! அவன் காலப் பாக்காதே, பந்தப் பாரு!"

நீ வந்திருந்தாய். வலைக்குப் பின்னால் வெறுங்காலோடு நின்று, சேஷுவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாய். நீ சொல்லச் சொல்ல அவன் மூன்று பந்துகளைத் தடுத்தான். நாம் ஒரு கோல் திருப்பினோம். அதன் பிறகு கொடி பிடித்து நின்றவர் வந்து உன்னை விரட்டிவிட்டார். நீ தள்ளிப்போன பிறகு இரண்டு கோல் விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் கூட்டத்துக்குள் உன்னைத் தேடிப் பிடித்தேன். எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது.

"நீ எதுக்கு வந்தே?"

"நம்ம கிளப்பு ஆடுது. நான் எங்க போறது?" என்றாய். காலில் ஒட்டிய புழுதியைத் தட்டிக்கொண்டே, "நீதான் கையெழுத்துப் போட்டியாமே," என்றாய்.

"ஆமாம்."

"இங்கிலீசுலயா?"

"ஆமாம்."

"என் பேர கரீட்டா எழுதினியா?"

சரியாகத்தான் எழுதியிருந்தேன். ஞானஸ்நானத்தில் வைத்த முழுப் பெயர், அப்பா பெயரோடு. கிளப்பின் காகிதங்களில் உன் பெயர் முழுதாக இருப்பது அந்த ஒரு கடிதத்தில் மட்டும்தான். நீ தலையை ஆட்டிக்கொண்டு, "போவுது வுடு" என்றாய்.

ஏன் விட்டாய்? அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். ஒவ்வொரு வருஷமும் உன் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லித் தலைவரிடம் போவேன். "அடுத்த சீசன் பாக்கலாம்" என்பார். நான்கு சீசன் அப்படியே போயிற்று. பெரம்பூர்ப் பக்கத்து ஒர்க்ஷாப் டீமிலிருந்து உனக்கு ஆள் அனுப்பினார்கள், வேலையும் தருகிறோம், எங்களுக்கு ஆடு என்று. போ என்று நானே உன்னிடம் மன்றாடினேன்.

"அங்க போனா கூலிக்கு ஆடறவன்னு சொன்னது நெசமாயிடும் அய்ரே," என்றாய்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. உன்னைத் துரத்தியவர்களின் சட்டத்தை அவர்களைவிட ஒழுங்காக நீதான் காப்பாற்றினாய். மணலில் குப்பத்து ஆட்களோடு ஆடிக்கொண்டிருந்தாய். போன ஐப்பசியில் விஷ ஜுரம் வந்தது. ஒன்பது நாள். கல்லறையில் மழையில் நின்றபோது கிளப்பிலிருந்து சேஷுவும் நானும் மட்டும்தான் இருந்தோம்.

நேற்று அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி, உன் பெயரையும் போட்டு, தலைவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"செத்துப் போனவனைப் பத்தி இப்போ எதுக்குப்பா? வெளியில தெரிஞ்சா நமக்குத்தானே அவமானம்? முன்னாடி இருந்த மாதிரியே இருக்கட்டும். கீழே செயலாளர்னு நீ கையெழுத்துப் போட்டுடு, அச்சுக்கு அனுப்பிடலாம்."

பேனாவை நீட்டினார்.

"நான் போட மாட்டேன் சார்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னப்பா சொல்றே?"

"போட மாட்டேன். வேற செயலாளரைப் பார்த்துக்கோங்கோ."

அவர் கத்தவில்லை. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேனாவை மூடி வைத்தார், உள்ளே பார்த்து எனக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார். அவ்வளவுதான். மலர் அந்தப் பொய்யோடேதான் வரும், வேறொருவன் கையெழுத்தில். உனக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

வெளியே வந்து குளக்கரைப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியிருந்தது மூன்றே மூன்று வார்த்தை. குரல் நடுங்கவில்லை, வியர்க்கவில்லை, யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்கும் அது இவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்கும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.