மழைக்கோட்டு ஓட்டிய விமானம்

அனுப்புநர்:
விமானியின் மகள்,
பதினோராம் வகுப்பு,
கண்ணாடிக் கடை மாடி வீடு.

பெறுநர்:
இயக்குநர்,
விமானி உரிமப் பிரிவு,
விமானப் போக்குவரத்துத் துறை.

பொருள்: என் அம்மா தனியாக ஓட்டி முடித்த நெடுந்தூர விமானப் பயணத்தை, பக்கத்து இருக்கையில் இருந்த மழைக்கோட்டின் கணக்கில் எழுதிவிட்டதைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

(தாங்கள் ஐயா இல்லை, அம்மா என்றால் மன்னிக்கவும். நாற்காலியில் இருப்பது யார் என்று பார்க்காமலே முடிவு கட்டுவதுதான் இந்த மனுவின் பிரச்சினையே.)

1. என் அம்மா கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வாரம் முழுக்க அடுத்தவர் கண்ணைச் சோதிப்பது அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் விமானம் ஓட்டக் கற்பது அவர் ஆசை. உரிமம் பெற வேண்டுமானால், சிறு விமானத்தில் தன்னந்தனியாகக் கிளம்பி, வேறு இரண்டு விமானத் தளங்களில் இறங்கி ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும் என்பது தங்கள் துறையின் விதி.

2. சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை அம்மா கிளம்பினார். விமானத்தில் இருப்பது இரண்டே இருக்கை. அதில் எதையும் சும்மா போட்டு வைக்கக் கூடாது. காற்று ஒரு குலுக்குக் குலுக்கினால் தண்ணீர் பாட்டில்கூட எழும்பி வந்து மண்டையைப் பதம் பார்க்கும். ஆகவே காலி இருக்கையில் பையை வைத்து பெல்ட் போடுவது விமானிகள் வழக்கம். அம்மாவும் அப்படியே செய்தார். பைக்குள் இருந்த சாப்பாடு வெயிலில் மறுபடி வேகாமலிருக்க, அப்பாவின் மழைக்கோட்டை அதன்மேல் போர்த்தினார். ஹெட்செட் மாட்டினால் தொப்பியின் உச்சிப் பொத்தான் தலையில் குத்தும் என்பதால், தொப்பியைக் கழற்றி அதே பையின்மேல் கவிழ்த்தார். ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் பொம்மை செய்து வைக்கும் இந்த மாதிரி வேலைகளில் எங்கள் தெரு முதலில் சந்தேகப்படுவது என்னைத்தான். இம்முறை நான் நிரபராதி. எனக்கு இந்த யோசனை வராமல் போனதில் வருத்தம் மட்டும் உண்டு.

3. முதல் தளத்தில் ஒரு சிக்கலும் இல்லை. இரண்டாவது தளத்தில் காற்று பக்கவாட்டில் பலமாக அடித்திருக்கிறது. அம்மா ஒருமுறை இறங்கப் பார்த்து, சரிப்படாமல் மேலே ஏறி, சுற்றி வந்து, மறுமுறை தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் இறக்கினார். எரிபொருள் நிரப்பச் சொல்லிவிட்டு, மாடியிலிருந்த கட்டுப்பாட்டு அறைக்குப் போனார். கையில் பைனாகுலரோடு நின்ற அதிகாரி அவரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "பைலட்ட வரச் சொல்லுங்கம்மா."

"நான்தான் சார் பைலட்" என்றிருக்கிறார் அம்மா.

"அப்போ உள்ள தொப்பி போட்டு உக்காந்திருக்காரே, அவரு?"

அதிகாரி விளையாடுகிறார் என்று நினைத்து, "அது என் சாப்பாடு சார்" என்று அம்மா சிரித்தார். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்துக்குச் சிரித்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

4. அந்த அதிகாரி அனுப்பிய அறிக்கையின்படி, விமானத்தில் இருவர் இருந்தனர். வலது இருக்கையில் இருந்த ஆண்தான் அதை ஓட்டினார். மேலும், "கடும் காற்றைச் சமாளித்து மிகத் திறமையாக இறக்கினார்." ஐயா, அந்த அறிக்கையிலேயே உண்மையான வரி இது ஒன்றுதான். அந்தப் பாராட்டையும் கோட்டு வாங்கிக்கொண்டது.

5. தங்கள் அலுவலகத்தில் விசாரணை நடந்தது. நானும் கூடப் போயிருந்தேன். "வழி நெடுக ரேடியோவுல பேசினது என் குரல்தானே சார்?" என்று அம்மா கேட்டார். "அவரு ஓட்டிருப்பாரு, நீங்க பேசிருப்பீங்க" என்று பதில் வந்தது. அன்று நாள் முழுக்க எங்களோடு தரையில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த, விமானப் பயிற்சிப் பள்ளியின் பயிற்சியாளர் வந்து சாட்சி சொன்னார். பள்ளிக்காரர் பள்ளியை விட்டுக் கொடுப்பாரா என்றார்கள். கோட்டின் சொந்தக்காரர் என்ற முறையில் அப்பாவையும் கூப்பிட்டார்கள். கடையில் பல்ப் மாற்ற ஸ்டூலில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிற மனிதர் அவர். "சார், நான் மாடி பஸ்ஸுல கூட கீழதான் உக்காருவேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"எவ்வளவு அடக்கமான மனுஷன் பாருங்க" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

6. முடிவாக, பயணம் செல்லாது, அம்மா பொய் சொன்னவர் என்று எழுதிவிட்டார்கள். அந்தச் சொல் நீங்கும்வரை பயிற்சிப் பள்ளி அவருக்கு விமானம் தராது. அவர் தேறிய எழுத்துத் தேர்வுகள் இந்த மாதக் கடைசியோடு காலாவதியாகின்றன. அப்புறம் எல்லாம் முதலிலிருந்து. முன்பெல்லாம் விமானச் சத்தம் கேட்டால், வந்தவர் மூக்கில் கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டு அம்மா வாசலுக்கு ஓடுவார். என்ன ரகம், எங்கே போகிறது என்று தெருவுக்கே சொல்வார். நேற்று ஒன்று கடைக்கு நேர் மேலே தாழப் பறந்தது. அவர் நிமிரவில்லை. "கீழ் வரியைப் படிங்க" என்றார், எதிரே இருந்தவரிடம்.

7. பைனாகுலரில் பார்த்தும் தொப்பிக்குக் கீழே முகம் இல்லை என்பது தெரியவில்லை என்றால், அது கண் கோளாறு. அந்த அதிகாரியை அனுப்பி வையுங்கள். கடையில் இலவசமாகச் சோதித்துத் தருகிறோம். முகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆணாக இருந்தால் போதும் என்று பார்த்திருந்தால், அதற்கான கண்ணாடி எங்கள் கடையில் இல்லை.

8. ஆகவே ஐயா, மாதக் கடைசிக்குள் அந்தப் பயணத்தை அம்மா பெயருக்கு மாற்றித் தர வேண்டும். பொய் சொன்னவர் என்ற சொல்லை அடித்துவிட வேண்டும். நன்றாக இறக்கினார் என்ற வரியை மட்டும் அப்படியே விட்டு, எதிரே சரியான ஆளின் பெயரை எழுத வேண்டும். இந்த மனு அம்மாவுக்குத் தெரியாது. பதில் அவர் பெயருக்கே வரட்டும்.

இணைப்பு: மழைக்கோட்டு ஒன்று, தொப்பி ஒன்று. துறைக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் இவரையே விசாரிக்கலாம். பெல்ட் போட்டால் ஒழுங்காக உட்காருவார். காற்று பலமாக அடிக்கும் ஒரு நாளில் விமானத்தை இவரிடம் கொடுத்து இறக்கச் சொல்லுங்கள். பக்கத்து இருக்கையில் தாங்கள் உட்கார்ந்துகொள்ளவும்.

இடம்: கடை மாடி
நாள்: மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் முன்பு

இப்படிக்கு,
கோட்டின் மகள் என்று எழுதிவிடாதீர்கள்,
விமானியின் மகள்
(கையொப்பம்)