காரைக்கால் பதிவெண், சிவப்பு நிறம், இரண்டு சாவி

கோட்டுச்சேரி,
15.6.2025, ஞாயிறு

அன்புள்ள எழிலுக்கு,

நலம். ஏனாமில் நீயும் நலமாக இருப்பாய் என்று நானே எழுதிக்கொள்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. தவிர, இந்த விஷயத்துக்கு உன் கையெழுத்து வேண்டும், அது போனில் வராது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம். சிரிக்காமல் படி.

நம் காரின் இன்ஜினை மதார் சாகிப் நேற்று பிரித்துப் போட்டார். ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் ஒழுகியிருக்கிறது. தண்ணீரே இல்லாமல் ஓட்டியதில் உள்ளே பிஸ்டன் உருகி ஒட்டிக்கொண்டது. "தம்பி, இது கெட்டுப்போன இன்ஜின் இல்ல, கெடுத்த இன்ஜின்" என்றார். "செவப்பு லைட்டு எரிஞ்சிருக்குமே, நிப்பாட்டலியா? எங் கடை வாசல் வழியாத்தானே போயிருக்கீங்க?"

நான் என்ன சொல்வேன்? புது வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டுத் திருநள்ளாற்றிலிருந்து வந்தோம், சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு வழியில் எங்கேயும் நிற்கக் கூடாது, நேரே வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று வண்டியில் சொன்னார்கள் என்றேன். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. நீதான் சொன்னாய். குறையாக எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன். நிரவி சஃப்வான் துபாய்க்குப் போகும்போது பிள்ளையைக் கொடுப்பதுபோல் நமக்கு விற்றுவிட்டுப் போன வண்டி. என் கையில் இருபத்தொன்பது நாள்தான் ஓடியது.

திருச்சியில் பழைய வண்டி உடைக்கும் இடத்தில் இதே மாடல் ஒன்று கிடைத்திருக்கிறது. பின்பக்கம் நசுங்கிய வண்டி, இன்ஜின் முழுசாக இருக்கிறது. அதை வாங்கி இதில் பொருத்தலாம். ஆனால் ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணை மாற்ற, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் விண்ணப்பிக்க வேண்டுமாம். என் ஆதாரில் மயிலாடுதுறை முகவரி இருப்பதால் வரி குறைவான காரைக்கால் பதிவை விட மனமில்லாமல் உன் பெயரில் வாங்கினோமே, அது இப்போது வந்து நிற்கிறது. இத்துடன் இருக்கும் விண்ணப்பத்தில் பென்சிலால் புள்ளி வைத்த மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

வீட்டில் காஸ் சிலிண்டர் எந்தப் பெயரில் பதிந்திருக்கிறது என்றும் எழுது. அதுவும் உன் பெயர்தான் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
மாறன்

---

ஏனாம்,
22.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் வந்தது. இங்கே அறை சௌகரியம். அலுவலகம் நடந்துபோகும் தூரம். பக்கத்து வீட்டம்மா தெலுங்கில் ஏதோ கேட்கிறார், நான் தலையாட்டுகிறேன், அவர் திருப்தியாகப் போய்விடுகிறார். மெஸ்ஸில் காரம் கண்ணில் நீரை வரவழைக்கிறது. அழ வேண்டியிருந்தால் சாப்பாட்டு நேரம் வசதி.

விண்ணப்பத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்ஜின் எண் எழுத வேண்டிய கட்டத்தில் சேஸிஸ் எண்ணை எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு வருஷமாக மற்றவர்கள் நிரப்பிய படிவத்தைத் திருத்துவதுதான் எனக்கு வேலை, உங்களுடையதை மட்டும் விட முடியாது. புதிய தாளில் எழுதி அனுப்புங்கள். பழைய இன்ஜின் வாங்கிய ரசீதின் நகலும் வேண்டும். இல்லாவிட்டால் திருட்டு இன்ஜினா என்று கேட்பார்கள்.

இன்னொரு திருத்தம். "நிற்காதே" என்று நான் சொல்லவில்லை. உங்கள் அம்மா போனில் சொன்னார்கள். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள். "எங்கயும் நிக்காதடா, யாரு வூட்டு வாசலையும் மிதிக்காத, நேரா போய்ச் சேரு." அதற்குப் பிறகு வண்டி நிற்கும்வரை நான் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

சிலிண்டர் என் பெயரில்தான். மின்சாரமும்.

இப்படிக்கு,
எழில்மதி

---

கோட்டுச்சேரி,
6.7.2025, ஞாயிறு

அன்புள்ள எழிலுக்கு,

திருத்தம் ஏற்கப்பட்டது. அம்மாதான் சொன்னார்கள். ஒரு மாதமாக எல்லாரிடமும் உன் பெயரைச் சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் நடந்ததாகத் தோன்றிவிட்டது. மன்னித்துக்கொள்.

ஒன்றை ஒப்புக்கொள்ளும்போது மற்றதையும் எழுதிவிடுகிறேன். சிவப்பு விளக்கு கோயில் கூட்டத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோதே எரிந்தது. நான் பார்த்தேன். நிறுத்தியிருந்தால் நீ, "நான் இந்த வண்டி வேணாம்னு சொன்னேனா இல்லியா?" என்று கேட்டிருப்பாய். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துகொண்டு பத்துக் கிலோமீட்டர் ஓட்டினேன். மதார் சாகிப் கடையைத் தாண்டும்போது பானெட்டிலிருந்து ஆவி வந்தது. காலைப் பிரேக்கில் வைக்காமல் ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதித்தேன். அம்மா சொன்னது கைக்கு வாகாக அமைந்தது, அவ்வளவுதான். சனீஸ்வரனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கோட்டுச்சேரி கடைத்தெருவுக்குச் சற்று முன்னால் வண்டி "கடக்"கென்று நின்றபோது, எலுமிச்சம்பழச் சாறுகூட டயரில் காய்ந்திருக்கவில்லை. நீ ஒன்றும் கேட்காமல் இறங்கிப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டாய். கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

திருச்சியிலிருந்து இன்ஜின் வந்துவிட்டது. பழையதைச் சங்கிலியில் தூக்கி இறக்கியபோது நானும் ஒரு கை பிடித்தேன். முன்பக்கம் வெறும் குழியாக இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. புதியதில் பிஸ்டன் ரிங்குகளை மட்டும் மாற்றிப் பொருத்துவதாக மதார் சாகிப் சொல்கிறார்.

புதிய விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது. கட்டங்களை இரண்டு முறை சரிபார்த்தேன். கூடவே இன்னொரு மனுவும் வைத்திருக்கிறேன். கணவன் மனைவி ஒரே ஊரில் வேலை பார்க்க வேண்டும் என்ற காரணத்தைக் காட்டி உன்னை ஏனாமிலிருந்து காரைக்காலுக்கே திரும்ப மாற்றும்படி. நானே டைப் அடித்தேன். உன்னை எதற்காக அவ்வளவு தூரம் தூக்கிப் போட்டார்கள் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. நீ கையெழுத்து மட்டும் போட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். எழில், நீ இல்லாமல் இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை. இதைப் போனில் சொல்ல வராது. சீக்கிரம் வந்துவிடு.

அன்புடன்,
மாறன்

---

ஏனாம்,
20.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இன்ஜின் விண்ணப்பத்தில் மூன்று இடங்களிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் நேரில் வர முடியாததால் எனக்குப் பதிலாக நீங்கள் ஆஜராகலாம் என்று ஒரு அதிகாரக் கடிதமும் வைத்திருக்கிறேன்.

மாற்றல் மனுவில் கையெழுத்துப் போடவில்லை. என்னை யாரும் தூக்கிப் போடவில்லை. நானேதான் ஏனாம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். பிப்ரவரியில் கொடுத்தேன். புதுச்சேரி அரசின் நாலு ஊர்களில் மற்ற மூன்றைக் கேட்டால் கிடைக்காது, ஏனாமைக் கேட்டால் உடனே கிடைக்கும் என்பது எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். நாம் திருநள்ளாறு போன அன்று உத்தரவு என் பையில் இருந்தது. அந்தப் பையைத்தான் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

சிவப்பு விளக்கை நானும் பார்த்தேன். உங்களுக்கு முன்பே பார்த்திருப்பேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு என்ன வேலை? நிறுத்தச் சொன்னால் ஓரமாக நிறுத்துவீர்கள், இன்ஜின் ஆற அரைமணி நேரம் ஆகும், அந்த அரைமணியில் "ஏன் ஒரு மாதிரி இருக்க?" என்று கேட்பீர்கள், நான் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் சும்மா இருந்தேன். பேசாமல் இருந்தே ஒரு இன்ஜினை எரித்திருக்கிறோம், நீங்களும் நானுமாக. நீங்கள் மட்டும் குற்றவாளி என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம்.

ஏன் போனேன் என்று கேட்பீர்கள். நீங்கள் என்னை அடித்ததில்லை, குடித்ததில்லை, ஒரு நாள்கூடப் பட்டினி போட்டதில்லை. அதனாலேயே யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. வீட்டு வாடகை ஒப்பந்தம் என் பெயர். சிலிண்டர், மின்சாரம், கார் எல்லாம் என் பெயர். எதையும் நீங்கள் முடிவு செய்துவிட்டு, பென்சிலால் புள்ளி வைத்துக் கொண்டுவருவீர்கள். இந்த மனுவைக்கூட அப்படித்தான் அனுப்பியிருக்கிறீர்கள். நான் திரும்பி வருவதற்கான மனு, மாமா. அதை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

எனக்கு ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. வாங்கி ஏழு வருஷம் ஆகிறது. என் பெயரில் இருக்கும் காரின் சாவி ஒரு நாள்கூட என் கையில் இருந்ததில்லை. கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "டர்போ வண்டி, ஒனக்குச் சரிப்படாது" என்றீர்கள். எனக்கு அது மிகவும் வலித்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
எழில்மதி

---

கோட்டுச்சேரி,
24.8.2025, ஞாயிறு

அன்புள்ள எழிலுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. நாலு தடவை பதில் எழுதினேன். நாலிலும் நான்தான் நல்லவனாக இருந்தேன், கிழித்துவிட்டேன்.

இன்ஜின் பொருத்தியாகிவிட்டது. முதல் திருப்பலில் இருமியது, இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. பழைய சத்தம் இல்லை, கொஞ்சம் கனத்த சத்தம். மதார் சாகிப் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி ஐந்து நிமிடம் நின்றார். பிறகு, "அல்ஹம்துலில்லாஹ், ஓடும். ஆனா மொத ஆயிரம் கிலோமீட்டரு எம்பதத் தாண்டக் கூடாது. லைட்டு எரிஞ்சா எந்தக் கோயிலுக்குப் போயிட்டு வந்தாலும் நிப்பாட்டணும்" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தகும்.

ஆர்.டி.ஓ. ஆய்வுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆர்.சி.யில் புது எண் ஏறிவிட்டது. அதன் மேல் வரியில் 'உரிமையாளர்: எழில்மதி' என்று இருக்கிறது. இத்தனை நாளும் அந்த வரியை நான் படித்ததே இல்லை.

கடையிலிருந்து வீட்டுக்கு ஓட்டி வந்ததோடு சரி. வேலைக்குப் பஸ்ஸில்தான் போகிறேன். மாற்றல் மனுவைக் கிழித்துவிட்டேன். அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த உறையில் கனமாக இருப்பது சாவி. இரண்டும் இருக்கின்றன. மூன்றாவது கிடையாது. வண்டியை வந்து எடுத்துக்கொள்வாயோ, விற்கச் சொல்வாயோ, நிழலில் நிற்கட்டும் என்பாயோ, அது உன் முடிவு. இந்தத் தடவை நான் எங்கேயும் புள்ளி வைக்கவில்லை.

நீ வர வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஆசை என்று மட்டும் எழுதுகிறேன்.

மாறன்

---

ஏனாம்,
7.9.2025

அன்புள்ள மாறனுக்கு,

பெயர் சொல்லி எழுதுவது எனக்கே புதிதாக இருக்கிறது. இருக்கட்டும்.

சாவி இரண்டும் கிடைத்தன. உறையைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டு அன்று முழுதும் வேலை ஓடவில்லை. அழுதேன். சாப்பாட்டு நேரத்தில் இல்லை.

ஆயுத பூஜை விடுமுறையோடு மூன்று நாள் லீவு போட்டிருக்கிறேன். அக்டோபர் முதல் தேதி காலையில் காரைக்கால் வந்து சேர்வேன். வண்டியை மதார் சாகிப் கடையில் விட்டுவிடுங்கள். ஒரு சாவியை முன்கூட்டியே அவர் பெயருக்கு அனுப்புகிறேன், அங்கே கொண்டுபோக அதை வாங்கிக்கொள்ளுங்கள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஏனாமுக்கு வந்துவிடுவேன். தனியாகத்தான் ஓட்டுவேன். இரண்டு நாள் ஆகும். எண்பதைத் தாண்டாமல் வந்தால் மதார் சாகிப் சொன்ன ஆயிரம் கிலோமீட்டரும் ஏறக்குறைய வழியிலேயே முடிந்துவிடும்.

வீட்டுக்கு வரவில்லை. உங்கள் மேல் கோபம் எதுவும் மிச்சம் இல்லை, அதை நம்புங்கள். ஆனால் திரும்பி வந்து அங்கே வாழ எனக்கு மனம் இல்லை. மாற்றலுக்கு இனி எழுதிக் கொடுக்கவும் மாட்டேன். வாடகை ஒப்பந்தம், சிலிண்டர், மின்சாரம் மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றும் படிவங்களை நிரப்பி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள்.

முதல் தேதி காலை கடைக்கு வாருங்கள். கிளம்புவதற்கு முன் இருவரும் ஒரு டீ குடிக்கலாம். கேட்க நினைத்ததை எல்லாம் கேளுங்கள், சொல்கிறேன். ரேடியேட்டரில் கூலண்ட் மட்டும் நிரப்பி வையுங்கள்.

பத்திரமாகப் போய்ச் சேருவேனா என்று கவலைப்படுவீர்கள். தெரியும். வழியில் சிவப்பு விளக்கு எரிந்தால் நான் நிறுத்திவிடுவேன்.

எழில்மதி