குடும்பக் காரணம்

அன்பு மனைவிக்கு,

இங்கே நானும் குட்டியும் சௌக்கியம். உன் சளி விட்டதா? நேற்றுப் போனில்கூட மூக்கடைத்த குரலில்தான் "ஒண்ணுமில்லை" என்றாய்.

தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் பாதிப் பேச்சைக் குட்டி பிடுங்கிக்கொள்கிறாள். மீதிப் பாதி தண்ணீர் மோட்டார் ரிப்பேரிலும் பள்ளிக்கூடத்திலும் போய்விடுகிறது. அதோடு, போனைக் காதில் வைத்தாலே எனக்கு வேலைக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்சிக் குரல் வந்துவிடும். இந்த விஷயத்தை அந்தக் குரலில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

குட்டி பரீட்சைக்கு ஒழுங்காகப் படிக்கிறாள். கணக்குக்கு மட்டும் உன்னைத் தேடுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தால், "அப்பா, நீங்க இன்டர்வியூ எடுக்கற மாதிரியே கேக்கறீங்க, எழுந்து போங்க" என்கிறாள். என் சமையல் இப்போது வாயில் வைக்கும்படி இருக்கிறது. நேற்று இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பசியா பாசமா தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை.

ஆபீஸ் எப்போதும்போலத்தான். கிடங்கு ஒன்றுக்கு அவசரமாக ஆள் கேட்டார்கள். நாயாய் அலைந்து பிடித்து அனுப்பினோம். அதில் ஒருவர் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர், அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். இன்னொருவர் சித்தப்பா இறந்துவிட்டார் என்று வேலையில் சேரவில்லை. போன வருஷமும் அவருக்கு அதே சித்தப்பாதான் இறந்தார். பக்கத்து சீட்டு ஹலோ சார் போனிலேயே துக்கம் விசாரித்து, "பாவம், உங்க சித்தப்பா ரொம்பக் கஷ்டப்பட்டுட்டார்" என்றார். ஆபீஸே சிரித்தது. அவர் 'ஹலோ' சொன்னால் தெருவுக்கே கேட்கும் என்று நீ சொல்வாயே, அந்தக் குரல் குறையவில்லை.

போன வாரம் ஒரு கிரேன் ஓட்டுநர் மனைவியோடு வந்திருந்தார். துறைமுகத்தில் நல்ல வேலை, ஆனால் தூரம். அவருக்குப் போக ஆசை, வாய்திறக்கப் பயம். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "சார், எல்லாரையும் போங்க போங்கன்னு அனுப்பறீங்களே, உங்க வீட்டு ஆளை இப்படி அனுப்புவீங்களா?"

"அனுப்பியிருக்கேன்மா" என்றேன்.

அவர் நம்பவில்லை. உன் போட்டோவை எடுத்துக் காட்டினேன். வெள்ளைக் கோட்டில் ஆய்வுக்கூட வாசலில் நீ நிற்கிற படம். அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?" என்று மட்டும் கேட்டார். பிறகு புருஷனிடம் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மருந்து ஆலையின் ஆள் தேர்வு அதிகாரி திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார். பிரசவ விடுப்பில் போன அம்மாவுக்குப் பதிலாக ஒரு வருஷத்துக்குத்தானே உன்னை எடுத்தார்கள். அந்த அம்மா இனி வரப்போவதில்லையாம். ஒப்பந்தம் முடிந்ததும் உன்னையே நிரந்தரமாக வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். உன்னைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் எழுதினால் உனக்குத் தலைக்கனம் வந்துவிடும்.

உன்னை இந்த வேலைக்குச் சொன்னபோது எங்கள் ஏஜென்சி மேடத்துக்குத் தெரியும், நீ யார் என்று. "ஆள் சரியான ஆள்னா, யார் வீட்டு ஆளா இருந்தா என்ன?" என்றுதான் அனுப்பினார். அந்த அதிகாரிக்கு இன்னும் தெரியாது போலிருக்கிறது. "அவங்க வீட்ல ஒத்துக்குவாங்களா சார்? வீட்டுக்காரர் தகராறு பண்ற ஆளா?" என்று என்னிடமே கேட்டார். "தகராறெல்லாம் இல்லை, கொஞ்சம் யோசிக்கிற ஆள்னு கேள்வி" என்றேன்.

அப்போது என் மேஜைமேல் உன் வேலைக்குத் தோதான வேறு இரண்டு பேருடைய பயோடேட்டா கிடந்தது. 'அவங்க தங்கமாட்டாங்க சார், நான் வேற நல்ல ஆள் தரேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த மாதம் நீ வீட்டில் இருப்பாய். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். நீ உட்கார்ந்திருக்கிற நாற்காலியை உன்னைக் கேட்காமல் நான் எப்படி எடுப்பது?

உன் ஃபைலை ஹலோ சாரிடம் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு அவர் உன்னைக் கூப்பிடுவார். அந்நியரிடம் பேசுவதுபோலவே பேசு. மனதில் இருப்பதைச் சொல். நீ எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம். குட்டிக்கும் சம்மதம்தான், கேட்டுவிட்டேன். எதுவானாலும் சரி. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கு, அங்கே காற்று அதிகம் என்றாய்.

உன் நலமே விரும்பும்,
உன் கணவன்

*

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சளி விட்டுவிட்டது. குட்டிக்கு வட்டிக் கணக்கை நானே எழுதி இதோடு வைத்திருக்கிறேன், கொடுத்துவிடுங்கள். நீங்கள் விளக்கவேண்டாம்.

ஹலோ சார் கூப்பிட்டார். என்னை முன்பின் தெரியாதவர்போல "வணக்கம் மேடம்" என்று தொடங்கி எல்லாக் கேள்வியும் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார் மேடம்?" என்றும் கேட்டார். "உங்க பக்கத்து சீட்ல உட்கார்ந்திருக்கார்" என்றேன். அவர் வாழ்நாளிலேயே முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தி, "இப்ப இல்லைம்மா. நான் போனை எடுத்ததும் டீ குடிக்கற மாதிரி வெளியே போயிட்டார்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோபோலவும் இருந்தது. நாளை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முன்பு வேலை பார்த்த இடங்களில் நான் சோதித்துக் கொடுப்பேன், வேறு யாரோ கையெழுத்துப் போடுவார்கள். இங்கே நான் வேண்டாம் என்றால் சரக்கு வாசலைத் தாண்டாது. போன மாதம் அப்படி ஒன்றை நிறுத்தினேன். உற்பத்திப் பிரிவு மேலாளர் என் மேஜைமுன் நின்று கத்தினார். நான் பேனாவைத் தொடவில்லை. அன்று அறைக்கு வந்ததும் உங்களிடம் சொல்லத்தான் போன் போட்டேன். நீங்கள் மோட்டார் ரிப்பேர்காரன் வந்திருக்கிறான் என்றீர்கள். சொல்லாமலே விட்டுவிட்டேன்.

ஆகவே சரி என்று சொல்லப்போகிறேன். ஆனால் உங்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. எனக்குச் சம்மதம், குட்டிக்குச் சம்மதம், எதுவானாலும் சரி என்று எழுதியிருக்கிறீர்கள். சம்மதக் கடிதம் அலுவலகத்துக்குத்தான் வேண்டும். எனக்கு வேண்டாம். நான் இல்லாமல் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. அந்தக் கிரேன்காரர் மனைவி சாப்பாட்டைப் பற்றியாவது கேட்டிருக்கிறாள்.

பரீட்சை முடிந்ததும் குட்டியைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள். இங்கே பள்ளிக்கூடங்கள் நன்றாக இருக்கின்றன, விசாரித்துவிட்டேன். உங்கள் வேலை என்னாகும் என்பீர்கள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வேலை தேடித் தருகிற மனுஷன், தனக்கு ஒன்று தேடிக்கொள்ளக்கூடாதா?

இது கட்டாயம் இல்லை என்று எழுதத்தான் வந்தேன். எழுதவில்லை.

உங்கள் மனைவி

*

அன்பு மனைவிக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்றே எனக்கு ஒரு பயோடேட்டா எழுத உட்கார்ந்தேன். எத்தனையோ பேருக்கு எழுதிக்கொடுத்த கை. என்னுடையது மட்டும் அரைப்பக்கத்துக்குமேல் நகரவில்லை. ஹலோ சார் வாங்கிப் படித்துவிட்டு, "சார், நீங்க எந்த சீட்ல உட்கார்ந்தீங்கன்னு இருக்கு. என்ன செஞ்சீங்கன்னு ஒரு வரி இல்லையே" என்றார். பிறகு அவரே எழுதினார். அவர் எழுதியதைப் படித்தால் எனக்கே என்னை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மேடத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "உங்க இடத்துக்கு ஆள் தேடற வேலையையும் நீங்களே பார்த்துட்டுப் போங்க" என்றார். கோபம் இல்லை.

நேற்று நீ இருக்கும் ஊரில் உள்ள ஒரு ஏஜென்சியிலிருந்து போனில் இன்டர்வியூ. என் சீட்டில் உட்கார்ந்து பேசமுடியாது என்று, வேலை தேடி வருகிறவர்கள் காத்திருக்கும் நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அதில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஒரு கால் ஆடுகிறது. இதில் உட்கார்ந்துகொண்டு யாருக்குத்தான் பதில் ஒழுங்காக வரும்? அட்டையை மடித்து முட்டுக் கொடுத்துவிட்டேன்.

பேசியது சின்னப் பெண். நம் குட்டியைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் நன்றாகத்தான் பதில் சொன்னேன். கடைசியில், "இவ்வளவு வருஷம் இருந்த இடத்தை ஏன் சார் விடறீங்க?" என்றாள். அதற்கு என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? முன்னேற்றம், புதிய அனுபவம், பெரிய பொறுப்பு என்று தினமும் நான்தானே சொல்லிக்கொடுக்கிறேன்.

"என் பொண்டாட்டி அங்க இருக்காம்மா" என்றேன். "அவ இல்லாம எனக்கு இங்க இருக்க முடியலை. நல்லாத்தான் இருக்கேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். இல்லை."

அந்தப் பக்கம் தட்டச்சு நின்றுவிட்டது. பிறகு அவள், "சார், இதை நான் என்னன்னு எழுதறது?" என்று கேட்டாள். பாவம், நிஜமாகவே கேட்டாள்.

"குடும்பக் காரணம்னு எழுதிக்கோம்மா" என்றேன்.

கலந்துபேசிவிட்டுக் கூப்பிடுகிறோம் என்றாள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் இன்று காலையிலிருந்து போன் அடித்தால் ஓடிப்போய் எடுக்கிறேன். ஹலோ சார் கேலி செய்கிறார்.

அவர்கள் கூப்பிடட்டும், கூப்பிடாமல் போகட்டும். பரீட்சை முடிந்த மறுநாள் நானும் குட்டியும் ரயில் ஏறுகிறோம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை உள்ள வீடாகப் பார்த்து வை. வேலை கிடைக்கும்வரை சமையல் நான்.

அந்த மேலாளர் கத்திய கதையை முழுதாகக் கேட்கவேண்டும். விடாமல் சொல். அன்று லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நீயே வா. வேறு யாரையும் அனுப்பாதே.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்,
உன் கணவன்