தம்பியின் பாதித் தலை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை, ஆனால் உன் தம்பிக்குக் கையெல்லாம் தையல், அப்பாவுக்கு உதடு கிழிந்து தண்ணீர் குடித்தாலும் எரிகிறது, எனக்கு உன் தம்பியை அறைந்த கை இன்னும் வலிக்கிறது. நீயாவது நன்றாக இரு.

ஆஸ்பத்திரியில் முடி வளர்க்கிற ஆராய்ச்சியில் அவன் சேர்ந்தானே, அவன் ரத்தத்தையே எடுத்து மெஷினில் சுற்றி, மேலே தெளிகிற மஞ்சள் தண்ணீரைப் பாதித் தலையில் ஊசி போட்டார்கள், மறுபாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். எந்தப் பக்கம் எது என்று கடைசியில்தான் சொல்வார்களாம். ஒவ்வொரு தடவையும் நெற்றியில் ரத்தம் வழிய வந்து நிற்பான், நான்தான் துணியை நனைத்துத் துடைத்துவிடுவேன். அவனோ வலது பக்கம்தான் மருந்து, முடி வந்துவிட்டது பார் என்று கண்ணாடியை விட்டு நகரமாட்டான். முடிவு சொல்கிற அன்றைக்குக் காலையில் அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் ரெண்டு பக்கமும் பொட்டல்தாண்டா என்று சொல்லப்போக, சோப்புப் பெட்டியை வீசி அவர் உதட்டைக் கிழித்துவிட்டான். பெற்ற அப்பாவை! விட்டேன் ஒரு அறை.

அந்த ஆத்திரத்தோடு போனவனிடம் டாக்டரம்மா வலது பக்கம் உப்புத் தண்ணீர் என்றிருக்கிறாள். மேஜையைப் புரட்டி, கண்ணாடிக் கதவைக் கையாலேயே குத்தி நொறுக்கி, தடுக்க வந்த வாட்ச்மேனைச் சுவரோடு வைத்து அடித்திருக்கிறான். பாவம், அந்த மனுஷனுக்கு முன்பல் போய்விட்டது. இப்போது ஜாமீனில் வந்திருக்கிறான். டாக்டரம்மா என்னிடம், சிலருக்குக் கொஞ்சம் அடர்த்தி கூடுதும்மா, சிலருக்கு ஒண்ணுமே இல்ல, நடந்த ஆராய்ச்சியெல்லாம் சின்னச் சின்னது, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி போடறாங்க, அடிச்சுச் சொல்ல முடியாதுன்னு உங்க பையன்கிட்டயும் முதல்லயே சொன்னேன் என்றாள். பிறகு எதை நம்பினாய் என்று இவனைக் கேட்டால், அண்ணனுக்கு இதே ஊசியிலதானே வளர்ந்துச்சு, அண்ணன் பொய் சொல்வானா என்கிறான். வேறு கிளினிக்கில் பேசி வைத்திருக்கிறான், அங்கேயும் வரவில்லை என்றால் கொலை விழும் என்கிறான். சும்மா மிரட்டுகிறான் என்று நினைக்காதே, அவன் கண்ணைப் பார்த்தவள் நான். இன்னொரு தடவை கை ஓங்கினால் ஜெயில்தான். எனக்குப் பயமாக இருக்கிறது.

போனில் சொன்னால் அவன் காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன். உனக்கு வளர்ந்துவிட்டது என்று சொன்ன நாளிலிருந்து நீ தொப்பி இல்லாமல் போனில் முகம் காட்டியதில்லை. அடுப்படியில் வியர்த்து ஊற்றும்போதும் தொப்பி. பெற்றவளுக்குத் தெரியாதா?

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அவனைப் பக்கத்தில் உட்கார வைக்கிறேன், மறக்காமல் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து உட்கார். என் போன்தான் உடையும், உடையட்டும். நீ அவன் கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பதில் முதல் தடவையாக எனக்கு நிம்மதி.

இப்படிக்கு,
உன் அம்மா