ஜனவரி இருபத்துநான்கு அன்று டாக்டர் வீட்டில் இருந்தார்

பிராசோஸ் ஆற்றங்கரை,
3 டிசம்பர் 1847

அன்புள்ள லைசாண்டருக்கு,

ஆசாவுக்குக் காய்ச்சல் இல்லை. வேறு எதை எழுதுவதற்கு முன்னாலும் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. கடைவாய்ப் பல் முளைப்பதால் சிணுங்கிக்கொண்டே இருக்கிறான். எனக்குக் கால் வீங்கிவிட்டது. அடுத்த குழந்தை ஜனவரிக் கடைசியில் என்கிறாள் ஃபீபி.

நீங்கள் சட்டசபைக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. நோயாளிகளுக்கு அது இன்னும் புரியவில்லை. நேற்று கோடாரி பட்ட காலோடு ஒருவர் வந்து நின்றார். "டாக்டர் இல்லையா? அப்ப நீங்களே தைங்கம்மா. அவர் தையலும் அப்படி ஒண்ணும் அழகா இருக்காது" என்றார். பருத்திச் சாக்குத் தைக்கும் ஊசியால் தைத்து அனுப்பினேன்.

உங்கள் மசோதாவைச் செய்தித்தாளில் படித்தேன். பட்டம் இல்லாமல் மருத்துவமோ பிரசவமோ பார்த்தால் வெள்ளையருக்கு அபராதம், அடிமைக்கு முப்பத்தொன்பது சவுக்கடி. பத்து வருடம் தொழில் செய்த வெள்ளையருக்கு மட்டும் விலக்கு. ராணுவ சர்ஜனுக்கு விளக்குப் பிடித்துத்தானே நீங்களும் தொழில் கற்றீர்கள்? குறையாகச் சொல்லவில்லை. ஃபீபி அடிமைதான், ஆனால் முப்பது வருடமாகப் பிரசவம் பார்க்கிறாள். ஆசாவை எடுத்தவளும் அவள்தான். நாற்பது மைலுக்கு இங்கே வேறு கை கிடையாது. அந்த விலக்கில் அவளைப் போன்றவர்களுக்கும் ஒரு வரி சேர்க்கக் கூடாதா? எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள்
அல்மைரா

✦

தலைநகர்,
17 டிசம்பர் 1847

என் அருமை அல்மைராவுக்கு,

மசோதா நிறைவேறிவிட்டது. ஜனவரி முதல் தேதியிலிருந்து அமல்.

நீ சொன்னதைச் சபையில் எடுத்தேன். "டாக்டர், உங்க வீட்டு ஃபீபிக்கு ஒரு பட்டமளிப்பு விழா வச்சிரலாமா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அடிமை தரும் மருந்து என்றாலே இவர்களுக்கு விஷம்தான் ஞாபகம் வருகிறது. இன்னும் வற்புறுத்தியிருந்தால் முழுச் சட்டமும் கவிழ்ந்திருக்கும். போலி வைத்தியர்கள் கெடுத்த உடம்புகளை எத்தனை முறை நான் புதைத்திருக்கிறேன், உனக்குத் தெரியாதா? களைத்துவிட்டேன். யுத்தத்தில் நாள் முழுக்கக் கால் அறுத்தபோதுகூட இப்படிக் களைத்ததில்லை.

பிரசவத்துக்கு நான் வந்துவிடுவேன். யார் பார்த்தார் என்று பத்து நாளுக்குள் நீதிபதிக்கு எழுதித் தர வேண்டும். அதை நானே எழுதுவேன். சட்டத்தின் பிரதி ஒன்றைக் கண்காணி கிராபுக்கு அனுப்பியிருக்கிறேன். வயலில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டட்டும்.

ஆசாவுக்கு முத்தங்கள்.

உன்
லைசாண்டர்

✦

பிராசோஸ் ஆற்றங்கரை,
30 ஜனவரி 1848

அன்புள்ள லைசாண்டருக்கு,

பெண் குழந்தை. இருபத்துநான்காம் தேதி மதியம். சாலை மசோதா முடிந்ததும் கிளம்புவதாக நீங்கள் எழுதிய கடிதம் அதற்கு முந்தைய நாள் வந்தது.

கால்தான் முதலில் வந்தது. ஃபீபி அறைக்குள் வராமல் கதவருகே நின்றாள்.

"சட்டம் உங்களுக்கு அபராதம்மா. எனக்கு முதுகு."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஃபீபி."

"நீங்க சொல்ல மாட்டீங்க. கிராப் சொல்லுவான்."

நான் கத்தினேன். அவள் வந்து பார்த்தாள். "குழந்தைக்கு மட்டும் சட்டத்தை வாசிச்சுக் காட்டலை போல" என்று முணுமுணுத்துக்கொண்டே கை கழுவினாள். இரண்டு மணி நேரம். நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம்.

கிராப் மறுநாளே நீதிபதி ஹாலோவெல்லிடம் போய்விட்டார். நேற்று படிவம் வந்தது. பிரசவம் பார்த்தவர் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதினேன். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆமாம் என்று நீதிபதிக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஃபீபியைத் தூணில் கட்டுவார்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்.

அல்மைரா

✦

தலைநகர்,
10 பிப்ரவரி 1848

அல்மைராவுக்கு,

மகள் பிறந்த சந்தோஷத்தை ஒரு மணி நேரம்கூட அனுபவிக்க விடவில்லை நீ. அன்று மதியம் நான் சபையில் பேசிக்கொண்டிருந்தேன். நடவடிக்கைக் குறிப்பில் என் பேச்சு முழுதும் இருக்கிறது. நான் எழுதிய சட்டத்தை என் வீட்டிலேயே பொய் சொல்லி மீறச் சொல்கிறாயா?

நீதிபதிக்கு உண்மையை எழுதிவிட்டேன். பிரசவக் காய்ச்சலில் நீ தவறாக எழுதிவிட்டாய் என்று விளக்கியிருக்கிறேன். ஃபீபிக்குப் பத்து அடியோடு நிறுத்தும்படியும் கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் என்னால் ஆகாது. வசந்த காலத்தில் வருகிறேன், எல்லாம் பேசுவோம்.

லைசாண்டர்

✦

பிராசோஸ் ஆற்றங்கரை,
27 பிப்ரவரி 1848

லைசாண்டருக்கு,

விசாரணை நேற்று முடிந்தது. நீதிபதி உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குக் காய்ச்சல் இல்லை, டாக்டர் வந்திருந்தார் என்றேன்.

அப்போது பின் பெஞ்சில் திருமதி வில்காக்ஸ் எழுந்தார். "வந்தாரே! குதிரை நுரை தள்ளிட்டு நின்னுச்சு, நானே பார்த்தேன்." அவர் தங்கை எழுந்தாள். "எங்க வீட்டுல காப்பி குடிச்சாரு. வழக்கம்போல சர்க்கரை போதலைன்னாரு." அப்புறம் இன்னொருவர், இன்னொருவர். பதினோரு பெண்கள் வேதாகமத்தில் கை வைத்துச் சொன்னார்கள். யாரையும் நான் கூப்பிடவில்லை. அத்தனை பேர் பிள்ளைகளையும் எடுத்தவள் ஃபீபி. ஏழாவதாக எழுந்தது நீதிபதியின் மனைவி. அதற்குப் பிறகு நீதிபதி தலை நிமிரவே இல்லை. சபை வேலை மிகுதியில் உங்களுக்குத் தேதி குழம்பியிருக்கும் என்று சொல்லிவிட்டு வழக்கைத் தள்ளிவிட்டார்.

நான் ஓடிப் போய் ஃபீபியிடம் சொன்னேன். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன் போலிருக்கிறது. "பன்னெண்டு பேர் பொய் சொன்னாத்தான் என் முதுகு தப்புது. அடுத்த மாசம் வில்காக்ஸ் வீட்ல பிரசவம். அங்கேயும் ஐயா வந்துட்டுப் போவாரா?" என்று கேட்டுவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள்.

வசந்தத்தில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பயணக் களைப்பு எதற்கு? எங்களுக்கு நீங்கள் தேவைப்பட்ட நாளில் எங்களோடு இருந்தீர்கள் என்று சாட்சி சொல்லி, எழுதி, முத்திரையும் வைத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் வர வேண்டியதில்லை.

அல்மைரா